அன்றன்றுள்ள வசனமும் அன்றாட வாழ்வும்

முன்னுரை

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையின் முடிவில், ஆயர் நீட்டும் தட்டிலிருந்து ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்துச் செல்லும் வழக்கம் நம் திருச்சபைகள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. அவ்வட்டை வீட்டுச் சுவரிலோ, திருமறையின் பக்கங்களுக்கிடையிலோ, கடையின் கல்லாப்பெட்டி மேலோ ஆண்டு முழுவதும் இடம்பெறுகின்றது. நாள்தோறும் கிழிக்கும் நாட்காட்டியில் அச்சிடப்பட்ட வசனமும், காலைதோறும் கைப்பேசிக்கு வந்து சேரும் வசனமும் இவ்வழக்கத்தின் கிளைகளே. இறையியல் பயின்றோருள் சிலர் இதனை எள்ளி நகையாடுவர். வேறு சிலர், மக்கள் விரும்புகின்றனர் என்பதற்காக, எவ்வித விளக்கமும் தராமல் நடத்திவிடுவர். இவ்விரு போக்கும் போதா என்பதே நம் கருத்து.

ஏனெனில், இவ்வழக்கத்தின் பின்னால் உண்மையான பசியொன்று உண்டு. அதிகாலையில் மீன்சந்தைக்குச் செல்லும் பெண்ணும், பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன் வாங்கிய தகப்பனும், தேர்வு முடிவை எதிர்நோக்கும் இளைஞனும், ஞாயிறன்று கேட்ட அருளுரையைக் கொண்டு மட்டும் ஆறு நாட்களையும் கடந்துவிட இயலாது. அந்தந்த நாளுக்கென இறைவனிடமிருந்து ஒரு சொல் வேண்டும் என அவர்கள் ஏங்குகின்றனர். இவ்வேக்கம் இழிவானதன்று. ஆயின், அதற்கு நாம் அளிக்கும் உணவு எத்தகையது?

வினா கூர்மையடைவது துன்பவேளையில்தான். ஆண்டுத் தொடக்கத்தில் சுகத்தைப் பற்றிய வசனம் கிடைத்த இல்லத்தில், அவ்வாண்டிலேயே பிள்ளை இறந்துபோகின்றது என்று கொள்வோம். அடக்க ஆராதனைக்குப்பின் ஆறுதல் கூறச் சென்ற ஆயரிடம் தாய் அந்த அட்டையைக் காட்டி, "ஐயா, இதைக் கடவுள்தானே எங்களுக்குத் தந்தார்?" என்று கேட்கின்றார். கடவுள் பொய் சொன்னாரா, அல்லது தம் விசுவாசம் குறைவுபட்டதா என்னும் இரண்டு விடைகளே அத்தாயின் முன் நிற்கின்றன. இரண்டும் அவரை நசுக்கிவிடக்கூடியவை. இவ்விரண்டிற்கும் அப்பால் வேறு விடை உண்டா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹெர்ன்ஹூட்டில் எழுந்த வழக்கம்

நாளுக்கொரு வசனம் என்னும் வழக்கத்தின் வரலாற்றில், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூருக்குத் தனியிடம் உண்டு. மொராவியாவிலிருந்து சமயத் துன்பத்துக்குத் தப்பி வந்தோர், 1722இல் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் இவ்வூரை அமைத்தனர். வெவ்வேறு பின்னணிகளைச் சேர்ந்த அம்மக்களிடையே பூசல்கள் எழுந்தன. 1727 ஆகஸ்ட் 13 அன்று நடைபெற்ற திருவிருந்து ஆராதனையில் அவர்கள் மீண்டும் ஒருமனப்பட்டனர். இந்த ஒப்புரவுக்குப் பின்னரே நாம் கருதும் வழக்கம் தோன்றியது என்பது நோக்கத்தக்கது.

1728 மே 3 மாலையில் நடைபெற்ற பாடல் வேளையில், சின்சென்டார்ப் மறுநாளுக்கென ஒரு சிறு வாக்கைச் சபையாருக்கு வழங்கினார். அதற்கு ஜெர்மானிய மொழியில் 'லோசுங்' என்று பெயர். இச்சொல் காவல் வீரர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பயன்படுத்தும் அடையாளச் சொல்லைக் குறிக்கும். அன்றன்றுள்ள வாக்கைச் சகோதரர் சிலர் வீடுவீடாகக் கொண்டு சென்றனர். செல்லுமிடத்து அவ்வீட்டாரின் நலத்தையும் தேவையையும் கேட்டறிந்து வந்தனர். 1731ஆம் ஆண்டுக்கென இவ்வாக்குகள் முதன்முதலாக நூல்வடிவில் அச்சேறின. அன்று தொடங்கி, போர்க்காலங்களிலும் இடையறாது, ஆண்டுதோறும் அந்நூல் வெளிவருகின்றது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது வாசிக்கப்படுகின்றது.

இவ்வாக்குகளைத் தெரிந்தெடுக்கும் முறையும் கருதத்தக்கது. பழைய ஏற்பாட்டினின்று தொகுக்கப்பட்ட ஏறத்தாழ 1,800 வசனங்களிலிருந்து, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று சீட்டின் மூலம் எடுக்கப்படுகின்றது. அதனோடு இயைந்த புதிய ஏற்பாட்டு வசனமொன்றைத் தொகுப்போர் ஆராய்ந்து இணைக்கின்றனர். மூன்றாவதாக ஒரு பாடலடியோ மன்றாட்டோ சேர்க்கப்படுகின்றது. ஆகவே ஒரு வசனம் தனித்து நிற்பதில்லை. அதற்குத் திருமறையே துணை நிற்கின்றது. திருச்சபையின் வேண்டுதலும் உடன் வருகின்றது.

இவ்வரலாற்றுக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. சின்சென்டார்ப் 1710 முதல் 1716 வரை ஹாலே நகரில் பயின்றபோது, தரங்கம்பாடி மிஷனைப் பற்றிய செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். பின்னர் 1760இல் மொராவியச் சகோதரர் தரங்கம்பாடிக்கே வந்து, அதனருகில் ஒரு தோட்டத்தில் குடியேறி, கைத்தொழில் செய்து வாழ்ந்தனர். வழிபாட்டையும் பட்டறை வேலையையும் பிரித்துப் பாராத மரபு அவர்களுடையது.

அதே காலத்தில் வேறொரு கிளையும் தோன்றியது. போகாட்ஸ்கி என்பார் 1718இல் வெளியிட்ட 'பொற்கருவூலப் பெட்டி' எனப் பொருள்படும் நூல், ஒவ்வொருவரும் தமக்கென வசனம் எடுக்கும் பழக்கத்தைப் பரப்பிற்று. 1888இல் ஸ்பர்ஜன், வங்கிக் காசோலையை உவமையாக்கி, நாளுக்கொரு வாக்குத்தத்தம் வீதம் ஒரு நூலை வெளியிட்டார். இவை பலருக்கு உண்மையான ஆறுதல் அளித்தன; ஸ்பர்ஜன் தாமும் கடும் போராட்டத்தின் நடுவிலேயே அந்நூலை எழுதினார். ஆயின் இக்கிளை ஊன்றிய இடங்களில், கட்டளையும் எச்சரிப்பும் உதிர்ந்து வாக்குத்தத்தம் மட்டும் எஞ்சுவதற்கும், சபையார் மறைந்து தனிமனிதர் மட்டும் நிற்பதற்கும் வாய்ப்பு மிகுதி. நம் புத்தாண்டு அட்டை இவ்விரண்டாம் கிளையையே பெரிதும் ஒத்திருக்கின்றது.

மொராவியச் சகோதரரும் சீட்டினால் இடருற்றனர் என்பதை மறைத்தல் ஆகாது. ஒரு காலத்தில் அவர்கள் திருமணத்தையும் ஊழிய நியமனத்தையும் சீட்டுப் போட்டே முடிவு செய்தனர். பொது உறுப்பினரின் திருமணத்துக்குச் சீட்டைக் கட்டாயமாக்கும் வழக்கத்தை அவர்களது பொது மாநாடு 1818இல் கைவிட்டது. பிற முடிவுகளுக்கும் அது படிப்படியாக நீங்கிற்று. ஆனால் அன்றாட வாக்குக்குச் சீட்டு இன்றளவும் நிலைத்துள்ளது. இவ்வேறுபாட்டில் ஆழ்ந்த அறிவு உண்டு. நாம் எதைச் செய்வது என்பதைச் சீட்டு முடிவு செய்யலாகாது; நாம் எதைக் கேட்பது என்பதை நம் விருப்பம் முடிவு செய்யலாகாது. வசனம் வருங்காலத்தை அறிவிக்கும் குறியன்று. நாம் தெரிந்துகொள்ளாத, நமக்குப் புறம்பேயிருந்து வருகின்ற சொல் அது.

வசனமும் அதன் சூழலும்

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். இறைவன் தம் மக்களுக்காகக் கொண்டுள்ள நினைவுகள் சமாதானத்துக்குரியவை என அது அறிவிக்கின்றது. நம் பழைய மொழிபெயர்ப்பில், மக்கள் எதிர்பார்க்கும் முடிவை இறைவன் தருவார் என்னும் பொருள்பட அது அமைந்துள்ளது. இதனை வாசிக்கும் குடும்பத்தார், தாம் எதிர்பார்க்கும் வேலையும், வரனும், வீடும் இவ்வாண்டு கைகூடும் என்று கொள்வது இயல்பே. ஆயின் எபிரேய மூலத்தில் உள்ளவை பின்வருங்காலம், நம்பிக்கை என்னும் இரு சொற்கள். நாம் எதிர்பார்ப்பது அப்படியே நிகழும் என்பதன்று; எதிர்பார்ப்பே அற்றுப்போனவர்க்கு எதிர்காலம் உண்டு என்பதே அதன் பொருள்.

மேலும், தமிழில் 'உங்களுக்கு' என்பது பன்மையாகவும் வரும். ஒருவரை மரியாதையாக விளிக்கும் சொல்லாகவும் வரும். அட்டையைத் தனித்து எடுத்தவர் அதனைத் தமக்கே உரிய மரியாதைச் சொல்லாக வாசித்துவிடுகின்றார். மூலத்திலோ அது ஐயமறப் பன்மையே. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டோருக்கு எருசலேமிலிருந்து எழுதப்பட்ட நிருபம் அது. இரண்டே ஆண்டுகளில் யாவும் சீர்ப்படும் என்று அனனியா முந்தின அதிகாரத்தில் வாக்களித்திருந்தான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் செல்லும் என்கின்றார். நிருபத்தைக் கேட்ட பெரியோருள் பெரும்பாலோர் திரும்பிவரும் நாளைக் காணப் போவதில்லை. அப்படியிருந்தும் அவ்வாக்கு அவர்களுக்கே உரியது.

அவர்கள் அதுவரை செய்யவேண்டுவது என்ன? 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் விடை கூறுகின்றன. வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், மணம் முடித்துப் பிள்ளைகளைப் பெறவும், தங்களைச் சிறைப்படுத்திய நகரத்தின் நலத்தையே நாடி அதற்காக மன்றாடவும் அவர்கள் பணிக்கப்படுகின்றனர். 11ஆம் வசனத்தின் ஆறுதல் இச்சாதாரண வேலைகளின் நடுவே வைத்துத் தரப்படுகின்றது. வேலையினின்று விலகி அற்புதத்துக்குக் காத்திருப்பது அனனியாவின் வழி. அந்நிய நிலத்தில் விதைக்கத் தொடங்குவது எரேமியாவின் வழி. வாக்குத்தத்தம் என்று நாம் வழங்குவது இவ்விருவருள் யாருடைய செய்தி என்பதை நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

சூழலினின்று பிரிக்கப்பட்ட வாக்குத்தத்தம் எத்துணைக் கேடானது என்பதை மத்தேயு 4:6 காட்டுகின்றது. ஆலயத்தின் உச்சியில் சோதனைக்காரன் எடுத்துக்காட்டியது 91ஆம் சங்கீதத்தின் மெய்யான வாக்குத்தத்தமே. அதனைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்த ஆண்டவர் மறுத்தார். வசனம் பொய் என்று அவர் கூறவில்லை. இறைவனைச் சோதிக்கும் கருவியாக அதனை ஆக்கலாகாது என்றே கூறினார்.

போன்ஹோபரும் அன்றன்றுள்ள வாக்கும்

அண்மைக்காலத் திருச்சபை வரலாற்றில், அன்றாட வாக்கினால் ஊக்கம் பெற்று வாழ்ந்தவருள் டீட்ரிக் போன்ஹோபர் முதன்மையானவர். 1935 முதல் 1937 வரை பிங்கன்வால்டேயில் அவர் நடத்திய குருத்துவக் கல்லூரியை நாஜி அரசின் இரகசியக் காவல்துறை மூடியது. அவ்வனுபவத்தினின்று எழுந்து 1939இல் வெளிவந்த நூலில், ஹெர்ன்ஹூட் வாக்குகளை அவர் நன்றியோடு பாராட்டுகின்றார். ஆயின் குறுகிய வசனங்கள் முழுத் திருமறை வாசிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்றும் எச்சரிக்கின்றார். அன்றாட வசனத்தை அவர் இகழவுமில்லை, அதனோடு நின்றுவிடவுமில்லை.

1939 ஜூனில் அவர் நியூயார்க் சென்றார். அங்கேயே பாதுகாப்பாக ஊழியம் செய்ய நண்பர் ஏற்பாடு செய்திருந்தனர். ஜூன் 20 அன்றே அவ்வேற்பாட்டை அவர் மறுத்துவிட்டார். எனினும் அமைதியின்றி இருந்தார். ஜூன் 26 அன்று தற்செயலாக 2 தீமோத்தேயு 4:21ஐ வாசித்தார். குளிர்காலத்துக்குமுன் வந்து சேரும்படி, சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வசனம் அது. அச்சொல் நாள் முழுவதும் தம்மைத் தொடர்ந்ததாகவும், அதனைத் தமக்குரியதாகக் கொள்வது திருமறையைத் தவறாகக் கையாளுவதாகாது என்றும் அவர் நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த மாதமே தாயகத்துக்குக் கப்பலேறினார்.

ஈண்டு நாம் கருதவேண்டியவை இரண்டு. வசனம் அவருக்காக முடிவெடுக்கவில்லை. மன்றாட்டோடும் மனச்சான்றோடும் எடுத்த முடிவில் அது அவரை உறுதிப்படுத்திற்று. அன்றியும், அது அவரை நலத்துக்கு அழைக்கவில்லை. துன்புறும் உடன்பிறப்புக்களிடத்தே அழைத்தது. நம் வசதியை நாடும் விருப்பத்துக்கு எதிராக நின்று, பிறரிடத்தில் நம்மை அனுப்பும் சொல்லை நமக்குரியதாகக் கொள்வதில் ஏமாற்றத்துக்கு இடம் குறைவு.

1943 ஏப்ரல் 5 அன்று அவர் சிறைப்பட்டார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல எடுக்கப்பட்ட முயற்சி தோல்வியுற்றது. அச்சதியில் பங்குகொண்டிருந்த போன்ஹோபருக்கு அதன் விளைவு தெளிவாயிருந்தது. மறுநாள், ஜூலை 21 அன்று, அவர் தம் நண்பர் பெட்கேக்குக் கடிதம் எழுதினார். சில வேளைகளில் இறையியல் சிக்கல்களை ஒதுக்கிவிட்டு எளிய விசுவாசத்தோடு வாழ்வதையும், அன்றன்றுள்ள வாக்குகளில் மகிழ்வதையும் அதில் குறிப்பிட்டார். 20ஆம் நாளின் வாக்குகள் சங்கீதம் 20:7, ரோமர் 8:31. 21ஆம் நாளின் வாக்குகள் சங்கீதம் 23:1, யோவான் 10:14. இரதங்களைச் சாராது கர்த்தரைச் சார்வதும், இறைவன் நம் பக்கம் நிற்பதும், நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளை அறிந்திருப்பதும் அவ்விரு நாட்களிலும் அவர் வாசித்த செய்திகள். அதே கடிதத்தில்தான், கடமைகளும் சிக்கல்களும் வெற்றிகளும் தோல்விகளும் நிறைந்த இவ்வுலக வாழ்வின் நடுவிலேயே மனிதன் விசுவாசிக்கக் கற்றுக்கொள்கின்றான் என்னும் புகழ்பெற்ற கருத்தையும் அவர் எழுதினார். எளிய அன்றாட வாக்கும் ஆழ்ந்த இறையியலும் ஒரே தாளில் இடம்பெறுகின்றன.

1945 ஏப்ரல் 9 அன்று பிளாசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். மேய்ப்பரைப் பற்றிய வாக்கு பொய்த்துவிட்டதா? அதனை வருவது உரைக்கும் குறியாகக் கொண்டால், பொய்த்துவிட்டது என்றே கூறவேண்டும். 23ஆம் சங்கீதமோ மரண இருளின் பள்ளத்தாக்கை மறைக்கவில்லை. அதனூடே நடப்பவரோடு மேய்ப்பர் உடனிருப்பதையே அது கூறுகின்றது. அவ்வாக்கு நிறைவேறியது தூக்குமரத்துக்கு அப்பால் மட்டுமன்று. அக்கடிதம் எழுதப்பட்ட சிறையறையிலேயே நிறைவேறியது.

அன்றன்றுள்ள அப்பம்

ஆண்டு முழுமைக்கும் ஒரே வசனத்தைச் சேமித்துவைக்கும் மனநிலைக்கு எதிராக, யாத்திராகமம் 16 நிற்கின்றது. மன்னா அன்றன்றைக்குச் சேர்க்கப்பட்டது. ஓய்வுநாளுக்கென வைத்தது நீங்கலாக, மறுநாளைக்கென வைத்தது புழுத்து நாறிற்று. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீந்ததுமில்லை. கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைந்ததுமில்லை. இறைவன் மீது சார்ந்திருத்தல் என்பது நாள்தோறும் புதிதாகக் கற்கவேண்டிய பாடம். புலம்பல் 3:22-23 இறைவனின் இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்பதை, இடிந்துபோன எருசலேமின் நடுவிலிருந்தே கூறுகின்றது.

ஆண்டவர் கற்பித்த மன்றாட்டிலும் அன்றாட அப்பமே கேட்கப்படுகின்றது. ஈண்டுள்ள 'எப்பியூசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டிடங்களில் மட்டுமே புதிய ஏற்பாட்டில் வருகின்றது. தேவையான அளவு என்றும், வரும் நாளுக்குரியது என்றும் அறிஞர் அதற்குப் பொருள் கூறுவர். எவ்வாறாயினும் அது களஞ்சியத்தைக் கேட்கும் மன்றாட்டன்று. 1529இல் லூத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், அப்பம் என்பதனுள் உணவு, உடை, வீடு, குடும்பம், நல்லாட்சி, பருவமழை, உடல்நலம், நல்ல அண்டைவீட்டார் ஆகிய யாவற்றையும் அடக்குகின்றது. அங்ஙனமாயின், நம் வீட்டில் அரிசி தீர்ந்த நாளில் கேளாமலே ஒரு படி அளந்து தரும் அண்டைவீட்டுக்காரியும் இம்மன்றாட்டுக்கு இறைவன் அளிக்கும் விடையே. காலை மன்றாட்டை முடித்தவுடன் மகிழ்வோடு வேலைக்குச் செல்லவும், இரவு மன்றாட்டை முடித்தவுடன் கவலையின்றி உறங்கவும் லூத்தர் அதே நூலில் கற்பிக்கின்றார். வசனம் நம்மை அறையினுள் நிறுத்திவைப்பதற்கன்று. வேலைக்கு அனுப்புவதற்கே தரப்படுகின்றது.

ஆயரின் பொறுப்பு

இவற்றினின்று நம் சபைப் பணிக்குச் சில பயன்கள் பெறப்படுகின்றன. முதலாவதாக, அட்டையை ஒழிப்பதைவிட அதனைத் திருத்துவது நன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வெவ்வேறு வசனம் தருவதற்குப் பதிலாக, சபை முழுவதற்கும் ஒரே வசனத்தைத் தந்து, ஆண்டின் முதல் ஞாயிறுகளில் அதன் அதிகாரம் முழுவதையும் விளக்கிப் போதிக்கலாம். செல்வரும் கூலிவேலை செய்வோரும் ஒரே சொல்லைக் கையில் கொண்டு செல்வர். இரண்டாவதாக, வாக்குத்தத்தத்தோடு அதனோடிணைந்த கட்டளையையும் அச்சிடவேண்டும். எரேமியா 29:11 வருமாயின் 7ஆம் வசனமும் வரட்டும். மூன்றாவதாக, வசனத்தை ஆள் கொண்டு செல்லவேண்டும். ஹெர்ன்ஹூட் சகோதரர் வாக்கைச் சொன்னதோடு வீட்டார் நலத்தையும் கேட்டு வந்தனர். நூறு பேருக்கு ஒருங்கே செய்தி அனுப்புவது எளிது. ஒரு திண்ணையில் பத்து நிமிடம் அமர்வது அரிது. மூப்பரும் மாதர் சங்கத்தாரும் இப்பணியில் பங்குகொள்ள இயலும்.

பிள்ளையை இழந்த தாய்க்கு ஆயர் கூறத்தக்கது என்ன? அட்டைக்காக வாதாடுதல் வேண்டா. அவர் விசுவாசத்தை அளந்து பார்த்தல் கூடவே கூடாது. "அம்மா, உங்கள் பிள்ளை பிழைக்கும் என்று அந்தச் சீட்டு அறிவிக்கவில்லை. அப்படி நீங்கள் நம்பும்படி விட்டது திருச்சபையின் குறை, உங்கள் குறையன்று" என்று தெளிவாகக் கூறலாம். பின்னர் அவரோடு அமைதியாக அமர்ந்து, 13ஆம் சங்கீதத்தைப் போன்ற புலம்பல் ஒன்றை வாசிக்கலாம். எதுவரைக்கும் என்று இறைவனிடம் முறையிடும் உரிமையைத் திருமறையே அவருக்கு அளிக்கின்றது. பிள்ளைக்கும் அவருக்கும் இறைவன் அளித்த வாக்கு வேறொன்று உண்டு. சாவும் பிரிக்க இயலாத அன்பைப் பற்றி ரோமர் 8:38-39 கூறும் வாக்கு அது. அதனை அன்றே விளக்கி முடிக்க முயல வேண்டா. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அவ்வீட்டுக்குச் செல்வதே அவ்வாக்குக்கு நாம் அளிக்கும் விளக்கம்.

முடிவுரை

இறுதியாக, ஆயர்களும் ஆயர்களாகப் பயிற்சி பெறுவோரும் தமக்கெனவே கருதவேண்டியது ஒன்று உண்டு. திருமறையை நாள்தோறும் கையாளும் நாம், அதனைப் பிறருக்குச் சொல்லும் பொருளாக மட்டும் பார்க்கப் பழகிவிடுகின்றோம். பிங்கன்வால்டேயில் மாணவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் அரைமணி நேரம், ஒரு வாரம் முழுவதும் ஒரே சிறு பகுதியைத் தியானிக்கப் பணிக்கப்பட்டனர். அருளுரைக்குக் குறிப்பெடுப்பதற்காக அன்று. தங்களுக்கென இறைவன் கூறுவதைக் கேட்பதற்காகவே. தொடக்கத்தில் பலருக்கு அது சுமையாகவே தோன்றிற்று. ஆயின் கல்லூரி மூடப்பட்டு அவர்கள் சிதறுண்ட பின்னரும் அப்பழக்கத்தைக் கைவிடாதிருக்கும்படி போன்ஹோபர் கடிதங்கள் மூலம் அவர்களை வேண்டிக்கொண்டார்.

நாமும் நாளைக் காலையில், அருளுரைக் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, அன்றைக்குரிய பாடத்தை அதன் அதிகாரத்தோடு ஒருமுறை வாசிப்போமாக. அது நம் விருப்பத்தோடு இசையாதிருப்பினும் கேட்போமாக. அதன்பின் அன்று நாம் சந்திக்கவேண்டியவர் யாவர் என எண்ணி, அவர்களுக்காக மன்றாடி, வேலைக்குப் புறப்படுவோமாக.